சமூக வலைத்தளம்: குழந்தைக்குப் பக்குவம் வந்துவிட்டதா?

(நமது சங்கக் கிளை ஒன்றின் குடும்ப சந்திப்பில் பேசியது. அங்கத்தினர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

 

கிளைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "எல்லாருக்கும் ஒரே கேள்விதான் மாமா. இந்த இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் எல்லாம் குழந்தைகளுக்கு எந்த வயசுல அனுமதிக்கலாம்? நீங்கள் சயின்ஸ் படித்தவர், கவர்ன்மென்ட்டில் இருந்தவர். ஒரு நம்பரைச் சொல்லிவிடுங்கள்" என்றார். இந்த விஷயத்தில் நம்பர் சொல்வது சுலபம். அதனால் பிரயோஜனம் உண்டா என்பதுதான் கேள்வி. ஆகவே, புழக்கத்தில் இருக்கும் நம்பர்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான வலைத்தளங்கள் 13 வயது என்று போட்டிருக்கின்றன. பதிமூன்றில் ஏதோ விசேஷமான முதிர்ச்சி வருகிறது என்று டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்ன எண் அல்ல அது. 1998இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 13 வயது நிரம்பாத குழந்தையிடமிருந்து பெயர், விலாசம் முதலிய விவரங்களை ஒரு கம்பெனி இன்டர்நெட் மூலம் வாங்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். சம்மதம் வாங்கும் தொல்லையே வேண்டாமென்று, கம்பெனிகள் 13க்குக் கீழே இடமில்லை என்று எழுதிவைத்துவிட்டன. அந்தச் சட்டம் வந்தபோது ஃபேஸ்புக் பிறக்கவே இல்லை. அது 2004இல் வந்தது, இன்ஸ்டாகிராம் 2010இல். ஆக, விவரம் சேகரிப்பதற்காகப் போட்ட எல்லையைத்தான் நாம் பக்குவத்தின் எல்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆஸ்திரேலியாவில் 16 என்று 2024இல் சட்டம் செய்து, 2025 டிசம்பர் 10 முதல் அமல்படுத்தினார்கள். அங்கே தண்டனை கம்பெனிக்குத்தான். குழந்தைக்கோ பெற்றோருக்கோ அல்ல. நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்கள் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாள, சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கவனித்து விளம்பரம் காட்டக்கூடாது என்றெல்லாம் இருக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான பகுதிகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். 13, 16, 18 என்று மூன்று அரசாங்கம், மூன்று விடை. 36 வருஷம் விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விதி எதற்காகப் போடப்பட்டது என்று பார்க்காமல் அதிலுள்ள எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் வேலை நடக்காது.

எண்ணைப் பற்றி இன்னும் ஒன்று. இங்கே இருக்கிற பெற்றோர்களில் சிலருக்கு இது சுருக்கென்று இருக்கலாம். இருந்தாலும் சொல்ல வேண்டும். பத்து வயதுக் குழந்தை அடம் பிடிக்கிறது. அப்பாவோ அம்மாவோ பிறந்த வருஷத்தை மூன்று தள்ளிப் போட்டு, 13 என்று காட்டிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது கூட்டல் கணக்குப் போடுங்கள். குழந்தைக்கு நிஜத்தில் 13 ஆகும்போது அந்தக் கம்பெனியின் கணக்கில் 16. நிஜத்தில் 15 ஆகும்போது அங்கே 18, அதாவது மேஜர்! இன்ஸ்டாகிராமில் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென்று 'டீன் அக்கவுண்ட்' என்ற ஏற்பாடு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே ப்ரைவேட் ஆக இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. ராத்திரி 10 மணியிலிருந்து காலை 7 வரை மணியடிக்காது. 16 வயது ஆகாதவர்கள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டுமானால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். பிறந்த வருஷத்தைப் பொய்யாகப் போட்ட குழந்தைக்கு இந்தப் பெற்றோர் சம்மதம் என்ற பூட்டு 13லேயே கழன்றுவிடுகிறது. பதினைந்தில் வேலி முழுவதும் போய்விடுகிறது. எந்த வயதில் அதிகம் தேவையோ, அந்த வயதில் அது இல்லை. அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டது நாம்தான். வீட்டுக்குப் போனதும் குழந்தையின் கணக்கில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் திருத்துங்கள். திருத்த முடியாவிட்டால் கணக்கை மூடிவிட்டு, உரிய வயதில் புதிதாக ஆரம்பியுங்கள்.

சரி, நம்முடைய வீடுகளில் செல்போன் எப்படிக் குழந்தையின் கைக்கு வந்தது? யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்யவில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பாடம் போனில் வந்தது. அதுவரை அம்மாவின் போனைக் கெஞ்சி வாங்கிப் பார்த்த குழந்தைக்குத் தனி போன் வந்தது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப் வந்தது. பள்ளிக்கூடம் திறந்தது, போன் திரும்பிப் போகவில்லை. போன் கொடுப்பது ஒரு தீர்மானம், சமூக வலைத்தளம் கொடுப்பது வேறொரு தீர்மானம். இரண்டும் ஒன்றாகக் கலந்துபோய்விட்டது. இப்போதாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் சமூகத்திற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது. "பத்தாவது பரீட்சை முடியட்டும், நல்ல மார்க் வாங்கு, போன் வாங்கித் தரேன்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பரீட்சை முடிந்த கையோடு, லீவு நாட்களில், ராத்திரி சீக்கிரம் தூங்க வேண்டிய அவசியமில்லாத நேரத்தில், எந்தப் பழக்கமும் இல்லாத குழந்தையிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்கிறோம். அதுவும் எதை வைத்து? கணக்கில் 98 வாங்கினதை வைத்து. நாம் எல்லாவற்றையும் மார்க்கால் அளந்து பழகிவிட்டோம். உத்தியோகம், கல்யாணம், யார் வீட்டுப் பிள்ளை சமர்த்து என்பது வரைக்கும் மார்க்தான் அளவுகோல். தெர்மாமீட்டரை வைத்து உயரத்தை அளக்க முடியுமா?

இதில் விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மூளையில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் யோசித்து நிதானிக்கிற பகுதி. அது முழு வளர்ச்சி அடைவது இருபது வயதைத் தாண்டி, இருபத்தைந்தை ஒட்டி. ஆனால் சந்தோஷம், பாராட்டு, புதுமை இவற்றுக்குத் துடிக்கும் பகுதி பருவம் எய்தும்போதே வேகம் பிடித்துவிடுகிறது. ஆக்ஸிலரேட்டர் முதலில் வந்துவிட்டது, பிரேக் பிறகு வருகிறது. 2005இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற மனோதத்துவப் பேராசிரியரும் அவரது சகாவும் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு வந்த பிறகும் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்ப்பது. தனியாக விளையாடியபோது சிறுவர்களும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட நண்பர்கள் நின்றபோது, பெரியவர்கள் மாறவில்லை. 13 முதல் 16 வயதுக்காரர்கள் ஏறக்குறைய இரு மடங்கு துணிந்துவிட்டார்கள். சமூக வலைத்தளம் என்பது என்ன? நண்பர்கள் எப்போதும் பக்கத்தில் நிற்கிற இடம். ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள்ளும் வகுப்பு முழுவதும் பக்கத்தில் நிற்கிறது. வீட்டில் நம் எதிரே உட்கார்ந்து அழகாக நியாயம் பேசுகிற குழந்தை, அங்கே அதே குழந்தையாக இருக்காது. அது கபடம் அல்ல, வயதின் இயற்கை.

இன்னொன்றும் உண்டு. நாம் படித்த வாரப் பத்திரிகையில் தொடர்கதை 'தொடரும்' என்று நிற்கும். அடுத்த வாரம் வரை காத்திருந்தாக வேண்டும். இங்கே 'தொடரும்' கிடையாது, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, ஒரு நாளைக்கு மூன்று மணிக்கு மேல் இதில் செலவிடும் இளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அபாயம் இரு மடங்கு என்று ஓர் அறிக்கையில் எடுத்துக் காட்டினார். தொடர்பு இருப்பதாலேயே இதுதான் காரணம் என்று ஆகிவிடாது; ஏற்கெனவே சோர்ந்த குழந்தை போனைத் தேடிப் போவதும் உண்டு. எப்படியானாலும், தன்னால் நிறுத்த முடிகிறதா என்பது பார்க்க வேண்டிய விஷயம். டி.வி.யை அணை என்றால் எத்தனாவது தடவையில் அணைக்கிறான்? இரண்டாவது தடவையில் அணைக்கிறவனைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

ஆனால் நிறுத்துவதை விட, மார்க்கை விட, வயதை விட முக்கியமாக நான் நினைக்கிற ஒரு லட்சணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அவர்கள் சம்மதத்தோடு, ஊரும் பெயரும் இல்லாமல் சொல்கிறேன். பெண் பத்தாவதில் 96 சதவீதம். சொன்னபடி போன் வாங்கிக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில், வேறு பள்ளிக்கூடத்துப் பையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் பேச ஆரம்பித்தான். நல்ல பேச்சு, படிப்பைப் பற்றித்தான். பிறகு போட்டோ கேட்டான். பிறகு அனுப்பக்கூடாத மாதிரி ஒரு போட்டோ. அனுப்பின அன்றைக்கே பையன் மறைந்து, பணம் கேட்கிற குரல் வந்தது. தரவில்லையானால் வகுப்பு முழுவதற்கும், உன் அப்பாவுக்கும் அனுப்புவேன் என்றான். அந்தப் பெண் ஐந்து வாரம் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவின் போனிலிருந்து ஐந்நூறு, ஆயிரம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். சாப்பாடு குறைந்தது, படிப்பு பளு என்று நினைத்தார்கள். அம்மா பாங்க் கணக்கைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. "ஏண்டி கண்ணா முதல்லயே சொல்லல?" என்று கேட்டபோது அவள் சொன்னது: "சொன்னா போனைப் பிடுங்கிண்டுடுவேளோன்னு பயமா இருந்தது. அப்புறம் அப்பா முகத்தை நினைச்சேன்."

புகார் கொடுத்தார்கள், பணம் கேட்பது நின்றது, அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். ஆனால் அந்த ஐந்து வாரத்தை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாதிரி மிரட்டலில் உயிரை விட்ட குழந்தைகளைப் பற்றிப் பேப்பரில் படிக்கிறோம். அந்தப் பெண்ணுக்கு அறிவு குறைவா? இல்லை. சொல்ல வழி இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே என் பரீட்சையில் ஒரே கேள்வி. தப்பு நடந்தால், இந்தக் குழந்தை தானாக வந்து நம்மிடம் சொல்லுமா? இதற்கு விடை தெரிய போன் வேண்டாம். கண்ணாடி டம்ளர் உடைந்தபோது சொன்னானா, துடைப்பத்தால் பெருக்கி ஒளித்து வைத்தானா? பரீட்சைப் பேப்பரில் கையெழுத்துக்கு எப்போது கொண்டுவருகிறான், அன்றைக்கேயா, டீச்சர் மூன்று தடவை கேட்ட பிறகா? சிநேகிதனோடு சண்டை என்றால் நமக்குத் தெரிகிறதா? சொல்கிற குழந்தை 14லேயே தயாராக இருக்கலாம். சொல்லாத குழந்தை 17லும் தயாராகவில்லை.

சொல்லாததற்குக் காரணம் பெரும்பாலும் குழந்தையும் அல்ல. டம்ளர் உடைந்ததைச் சொல்ல வந்த குழந்தையிடம் "எத்தனை தடவை சொல்லிருக்கேன்" என்று ஆரம்பித்தால், அடுத்த தடவை அது ஏன் வரும்? அதனால் கணக்கு திறப்பதற்கு முன்பே ஒரு வாக்கு கொடுங்கள்: "என்ன ஆனாலும் எங்கிட்ட வந்து சொல்லு. சொன்னதுக்காகப் போனைப் பிடுங்க மாட்டேன், கத்த மாட்டேன்." கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும். இப்படிச் சொன்னால் குழந்தைக்குப் பயம் விட்டுப்போகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்தால் தாராளமாகப் பிடுங்குங்கள், அது வேறு குற்றம். வந்து சொன்னதற்குத் தண்டனை கூடாது என்பதுதான் விஷயம். ஆபீஸிலும் பார்த்திருக்கிறேன். பிழையை முதலில் வந்து சொல்லும் கிளார்க்கை ஊரறியத் திட்டுகிற அதிகாரிக்கு, கடைசியில் எந்தப் பிழையும் ஆடிட் வரும்வரை தெரியாது.

பக்குவம் இருக்கிறது என்று தோன்றினால் அடுத்தது எப்படி ஆரம்பிப்பது. வண்டி ஓட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கியர் இல்லாத 50 சி.சி. வண்டிக்கு 16, மற்றதற்கு 18 என்று சட்டம் வயது சொல்கிறது. வயது ஆனதும் சாவியை எறிந்துவிடுகிறார்களா? முதலில் எல்.எல்.ஆர்., குறைந்தது 30 நாள் எல் போர்டு, பக்கத்தில் தெரிந்தவர், பிறகு டெஸ்ட். 2019 திருத்தத்திற்குப் பிறகு, மைனர் ஓட்டி விபத்து செய்தால் பெற்றோருக்கே மூன்று வருஷம் வரை சிறை உண்டு. செல்போனுக்கும் எல் போர்டு காலம் வேண்டும். முதலில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எப்படிப் பழகுகிறான் என்று பாருங்கள். யாரையாவது கேலி செய்கிறானா, வருகிறதை எல்லாம் அப்படியே ஃபார்வர்டு செய்கிறானா? பிறகு ஒரே ஒரு தளம், ப்ரைவேட் கணக்கு, நேரில் பார்த்துப் பேசிய ஆட்கள் மட்டும். யூனிபார்ம், பள்ளிக்கூடப் பெயர், அபார்ட்மென்ட் கேட், வண்டி நம்பர் இவையெல்லாம் போட்டோவில் வரக்கூடாது. ராத்திரி போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். பெரியவர்களுடையதும் அங்கேயே இருந்தால் குழந்தை கேட்கும். நீங்களும் அந்தக் கணக்கில் நண்பராக இருங்கள், ஆனால் தயவுசெய்து கமெண்ட் மட்டும் போடாதீர்கள். பெண்ணின் படத்துக்குக் கீழே அம்மா "என் தங்கமே, சாப்பிட்டியா" என்று எழுதினால், அது அன்றைக்கே வேறு கணக்கு திறந்துவிடும்.

தாத்தா பாட்டிகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ ராத்திரி எட்டு மணிக்கு வீடு திரும்புகிறார்கள். நம்மிடம் நேரம் இருக்கிறது. ஒரு யுக்தி சொல்கிறேன். பேரனை குருவாக வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு ஒரு கணக்கு திறந்து கொடுடா, முன்பின் தெரியாதவா பார்க்காம இருக்கணும், அதுக்கு எங்கே அமுக்கணும்? யாராவது தொந்தரவு பண்ணினா எப்படித் தடுக்கிறது?" என்று கேளுங்கள். அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய 2024ஆம் வருஷத்து 'அசர்' ஆய்வில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்துக்கு ஸ்மார்ட்போன் உபயோகிக்கத் தெரிந்திருந்தது. சமூக வலைத்தளம் உபயோகித்தவர்களில் கணக்கை ப்ரைவேட் ஆக்கத் தெரிந்தவர்கள் சுமார் 55 சதவீதம்தான். நகரத்துப் பிள்ளைகளுக்கு இது வேறாக இருக்கும் என்று நம்புவதற்கு முன் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

கூடவே நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பேரக்குழந்தை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற படத்தை நூற்றைம்பது பேர் இருக்கும் உறவினர் குரூப்பில் போடுகிறோம். அது எங்கெல்லாம் போகிறது என்று யாருக்குத் தெரியும்? எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் படத்தைப் போடும் முன், போடலாமா என்று அந்தக் குழந்தையையே கேளுங்கள். வேண்டாம் என்றால் போடாதீர்கள். தன் படத்தைப் போட மற்றவர் தன்னைக் கேட்க வேண்டும் என்று கற்ற குழந்தை, பிறர் படத்தைப் போடும் முன்னும் கேட்கும்.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள், ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான். பதற்றத்தில் செய்திகளை அழிக்காதீர்கள். எழுத்துச் செய்தி, கணக்கின் பெயர், பணம் போன விவரம் இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பிறகு அந்த ஆளைத் தடை செய்யுங்கள். குழந்தையின் அந்தரங்கப் படத்தை மட்டும் ஆலோசனை கேட்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்பக்கூடாது; அதை அனுப்புவதே சட்டப்படி குற்றம். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகார்களுக்குத் தனிப் பகுதி உண்டு. அதில் சிலவற்றைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. குழந்தையே நேராகக் கூப்பிடலாம், காசு கிடையாது. இந்த இரண்டு எண்களையும் ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டிவிட்டு, எதற்காக ஒட்டினீர்கள் என்று குழந்தையிடம் சொல்லுங்கள்.

அரை மணி என்றார்கள், கொஞ்சம் தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேட்கலாம். குழந்தைகளும் கேட்கலாம், அவர்களுக்கு முதலிடம்.